லட்டுக்கும் ஜிலேபிக்கும் ஒரு சீலிங்

"முப்பத்திரண்டு வருசம் தேயிலை பெக்டரியில கொழுந்துக்குக் காத்து குடுத்தவன் நான். ரெண்டு பாம்புக்குக் குடுக்க மாட்டேனா? கொண்டாந்து விடுங்க மாப்பிள்ளை!"

எங்கள் வீட்டுக்காரர் கணபதி போனில் இப்படிச் சொன்னபோது நான் மெஷினில் ஒரு பள்ளிக்கூடக் கவுனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி என் விரலில் ஏறவில்லை. அன்று நடந்த நல்லது அது ஒன்றுதான்.

"என்ன பாம்பு? யாரு பாம்பு?" என்றேன்.

"மாப்பிள்ளையோட பாம்பு."

"மாப்பிள்ளைக்கு ஏதுங்க பாம்பு?"

"வளக்கிறாரு. நாய் வளக்கிறதில்லையா, அது மாதிரி."

"நாய்னா வாலாட்டும்."

"இதுக்கு ஒடம்பு பூராவும் வாலுதானே புள்ள. மொத்தமா ஆட்டும்."

எங்களுக்கு ஒரே மகள், சுபாஜினி. கட்டிக்கொடுத்து ரெண்டு வருஷமாகிறது. மாப்பிள்ளை நிஷாந்துக்குக் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. தங்கமான பிள்ளை. குடி இல்லை, சிகரெட் இல்லை. பாம்பு இருக்கிறது என்று மட்டும் கல்யாணத்துக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. நாங்களும் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிறபோது வேலை என்ன, சொந்தபந்தம் யார் என்று கேட்போம். பாம்பு எத்தனை என்று யார் கேட்கிறார்கள்?

கம்பெனி வேலையாக அவர் பதினெட்டு நாள் மலேசியா போகிறார். சுபாஜினியும் கூடப் போகிறாள். கொழும்பில் அவர்கள் வீடு மாடிக்கு மேல் மாடி. பூட்டிவைத்தால் அடுப்பு. பாம்பு வெந்துவிடுமாம். அதனால் குளிரான மலைநாட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு மலைநாடு என்றாலே நுவரெலியாதான். நாங்கள் இருப்பது ஹாலிஎலைக்குக் கீழே. ஆடி மாதம். மழை பெய்து ரெண்டு மாதமாயிற்று. தேயிலை மலையில் புல் எல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. காற்று அடிக்கும், ஆனால் அது யாரோ அடுப்பை ஊதிவிடுகிற மாதிரியான காற்று.

இதைவிடக் கொடுமை எங்கள் வீட்டுக் கூரை. தோட்டத்தில் கொடுத்த ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிய தனி வீடு. அடுப்படி தவிர முழுக்கத் தகரம். காலை பத்து மணிக்குச் சூடேறத் தொடங்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால், தைத்த துணிக்குத் தனியாக அயன் போட வேண்டாம். இருபத்தாறு வருஷம் மலையில் கொழுந்தெடுத்தேன். அப்போதுகூட இப்படி வேர்த்ததில்லை. முழங்கால் போனபிறகு உட்கார்ந்து தைக்கலாம் என்று பார்த்தால், இப்படி அவிந்துபோகிறேன்.

சீலிங் அடித்துத் தாருங்கள் என்று நாலு வருஷமாகக் கேட்கிறேன்.

"சீலிங் அடிச்சா எலி வரும். எலி வந்தா பாம்பு வரும்" என்பார். நாலு வருஷமும் இதே பதில்.

பலகை இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில் நல்ல பைனஸ் மரப் பலகை அடுக்கிக் கிடக்கிறது. அது கேட் செய்வதற்காம். கேட்டின் நெற்றியில் 'கணபதி இல்லம்' என்று செதுக்கப் போகிறாராம். எங்கள் வீட்டைச் சுற்றிச் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. கேட்டைப் பூட்டினால் மாடு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும்.

"இப்ப சீலிங் இல்லாமலே பாம்பு வருதே?" என்று கேட்டேன்.

"அது வேற பாம்பு" என்றார்.

சனிக்கிழமை மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். நான் கொழும்புக்குப் போனால் பஸ்ஸில் எட்டு மணி நேரம் பையில் வாந்தி எடுத்துக்கொண்டு போவேன். பாம்புகள் ஏசி காரில் வந்து இறங்கின.

ரெண்டு பிளாஸ்டிக் பெட்டி. காற்றுப் போக ஓட்டைகள், பூட்ட கிளிப். ஒரு பெட்டியில் கருப்பும் பழுப்புமாகக் கையளவு தடிமனில் ஒன்று, உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. அது லட்டு. இன்னொன்றில் செம்மஞ்சளாக, ஒல்லியாக ஒன்று வளைந்து வளைந்து கிடந்தது. அது ஜிலேபி. பெயர் வைத்தது என் மகள். அன்றைக்கு விட்டதுதான், நான் இன்னும் இனிப்புக் கடைப்பக்கம் போகவில்லை.

"விஷமில்ல அத்தை. சும்மா தொட்டுப் பாருங்க" என்றார் மாப்பிள்ளை.

"கண்ணால தொட்டுட்டேன் மாப்பிள்ளை. போதும்."

"தின்னக் குடுத்துத்தான் கொண்டாந்திருக்கேன். நாங்க வர்ற வரைக்கும் ஒன்னும் தேவையில்ல."

வந்த விருந்தாளியில் சமையலைப் பற்றிக் கவலை வைக்காத விருந்தாளி இவை ரெண்டும்தான். மனசு கொஞ்சம் இளகியது.

"சூடு மட்டும் முப்பத்திரண்டத் தாண்டக் கூடாது மாமா. விசிறிக் காத்து நேரா படக் கூடாது, தோலு காஞ்சிரும். உள்ள எறங்கிப் படுக்கிற மாதிரி தண்ணி வைங்க. வெயில் கூடினா பெட்டிக்கு மேல ஈரத் துண்டு போடுங்க."

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். இவர் பணிவாக வாங்கிக்கொண்டார். கார் வளைவில் திரும்பியதும் அந்தத் தாளை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தார்.

"எனக்கு எழுதிக் குடுக்கிறாரு!"

இவர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெக்டரி மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை நீளமான வலைத்தட்டில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று விட்டு வாட்டுவார்கள். அதற்கு இவர்தான் பொறுப்பு. காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். போன வருஷம் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள். இவர் மாலையோடு ஒரு பழைய சூடுமானிப் பலகையையும் கேட்டு வாங்கி வந்தார். அதில் ரெண்டு கண்ணாடிக் குழாய். ஒன்று சும்மா இருக்கும். மற்றதற்கு ஈரத் துணியில் வால் கட்டியிருக்கும். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எந்தப் படத்துக்கு முன்னால் அதிக நேரம் நிற்கிறார் என்பதை நான் சொல்ல விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலை ஆரம்பமானது. பழைய கட்டில் சட்டத்தை எடுத்தார். கோழிக்கூட்டு வலையை அதில் அடித்தார். மேலே வலையாலேயே ஒரு மூடி. அதை முன்னறையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் நாலு கல்லின் மேல் தூக்கி வைத்தார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை விசிறி. நான் தைக்கும்போது வைத்துக்கொள்வது. அதைப் பிடுங்கி, முகத்தை மேலே திருப்பி, அடியில் வைத்தார்.

"விசிறிக் காத்து படக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொன்னாரே!"

"அது கொழும்பு விசிறி. அவங்களுக்கு மேலருந்துதான் விடத் தெரியும். நான் கீழருந்து விடுறேன்."

"எனக்கு விசிறி?"

"நீ மலையில பொறந்தவ. ஒனக்கென்ன வெயிலு?"

பாம்பு ரெண்டையும் பெட்டியிலிருந்து எடுத்து வலைக்குள் விட்டார். பாம்பு விசிறியில் கிடந்தது. நான் வேர்வையில் கிடந்தேன். பக்கத்து வீட்டு ஜீவராணி ஒரு முட்டையும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு வந்தாள். பாம்பென்றால் அவளுக்கு உயிர் போய்விடும். வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

"அக்கா, வெளிநாட்டுப் பாம்புக்கு மஞ்சள் ஒத்துக்குமா?"

"தெரியல ஜீவா. உள்ள வா."

"இல்லக்கா. நான் இங்கருந்தே கும்பிட்டுக்கிறேன். நாகம்மா, என் வீட்டுப் பக்கம் மட்டும் வந்துறாத தாயி."

"அது நாகமில்ல தங்கச்சி, பைத்தன்" என்றார் இவர்.

"யாரா இருந்தாலும் வர வேணாம்ணே."

முட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடினாள். இவர் அதை எடுத்து, என்னைப் பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜிலேபியின் நிறம் மங்கியது. தோல் வறண்டு, ஓரத்தில் வெள்ளை தட்டியது. கண் ரெண்டும் பால் ஊற்றினது போலாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பாம்பு நம் வீட்டில் கண் தெரியாமல் போனால் நாளைக்கு மகள் எப்படித் தலை நிமிர்ந்து வாழ்வாள்?

"என்னங்க, இது வாடிப்போச்சுங்க!"

"அப்பிடியா? பாக்கிறேன், எத்தனை வீதம் வாடியிருக்குன்னு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொழுந்து சரியாக வாடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. ஒரு பிடி அள்ளிக் கைக்குள் வைத்து அமுக்க வேண்டும். கையைத் திறந்தால் அது மெல்ல மெல்ல விரியும். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். மூடியைத் திறந்தார். வாடாதது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் லட்டைக் கையில் எடுத்து, லேசாக ஒரு அமுக்கு அமுக்கினார்.

லட்டும் அவரை அமுக்கிப் பார்த்தது.

மணிக்கட்டில் ஒரு சுற்று. முழங்கைக்கு ஒரு சுற்று. கொஞ்சம் யோசித்து இன்னொரு சுற்று.

"ஜெயா" என்றார். குரல் பூப்போல இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஜெயலெட்சுமி. கொஞ்சம் இங்க வாம்மா."

"மெஷின்ல நூல் மாட்டுறேங்க."

"அப்பறம் மாட்டலாம்மா."

"இறுக்குதா?"

"இறுக்கல. புடிச்சிருக்கு. ஆனா விட மாட்டேங்குது."

"மெல்ல விரியுமே? பாருங்க, விரியுதான்னு."

"வெளையாடாத புள்ள, வெரலு மரத்துப்போச்சு!"

கண்ணை மூடிக்கொண்டு போனேன். வால் நுனியைப் பிடித்து, நூல்கண்டு பிரிப்பது போல ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். வழுவழுவென்று, உலர்ந்து, நல்ல பட்டுத்துணி மாதிரி இருந்தது. பயம் பாதி போய்விட்டது. லட்டு என் கையில் தலையை வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அமுக்கினால் யாராக இருந்தாலும் அமுக்கத்தான் செய்வார்கள்.

விசிறியை நிறுத்தினேன். மேசைக் காலுக்கு அடியிலிருந்து தாளை உருவி மெதுவாக ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பாம்புகளைப் பெட்டிக்குள் திரும்ப விட்டேன். தண்ணீர்ச் சட்டி வைத்தேன். மேலே ஈரத் துண்டு போட்டேன்.

"ஈரம் வச்சா வாட்டு கெட்டுப்போயிரும்!" என்று துள்ளினார்.

"வாட்டி, அரைச்சு, பேக்கெட்டா போடப் போறீங்களா? அது பாம்புங்க!"

இவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆனால் மேலே இருந்து இறங்குகிற சூட்டுக்குத் துண்டு என்ன செய்யும்? புதன்கிழமை மத்தியானம் சூடுமானியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு. துண்டு அரை மணி நேரத்தில் அப்பளமானது. லட்டு தண்ணீர்ச் சட்டிக்குள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. ரெண்டு பேருக்கும் ஒரே கூரை, ஒரே கஷ்டம். ஒரே வித்தியாசம், அதற்கு ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், அதைப் பற்றி விசாரிக்க.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் குழாயடிக்குப் போய் மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, சீலிங் வேணும்னா அப்பாகிட்ட நேரா கேளுங்களேன்" என்றாள் சுபாஜினி.

"நாலு வருசமா நேராத்தான் கேட்டேன். இனிமே வளைஞ்சு நெளிஞ்சுதான் கேக்கணும்."

"நான் என்ன செய்ய?"

"நீ ஒன்னும் செய்ய வேணாம். மாப்பிள்ளை அப்பாகிட்ட, பாம்பு இருக்கிற ரூமுக்கு சீலிங் இருக்குதானே மாமான்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கேட்டு மாமனார் இல்லை என்று சொல்வது கிடையாது. இவருக்கு அது கொஞ்சம் அதிகம். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை சும்மா ஒரு பேச்சுக்கு, "மாமா, இங்க சுடுதண்ணி வருமா?" என்று கேட்டார். "ஓ, வருமே!" என்றார் இவர். பிறகு பின்பக்கமாக ஓடி, லயத்து வரிசையில் நாலு வீட்டில் அண்டா ஏற்றி, வாளி வாளியாகக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் குழாயில் சுடுதண்ணி வருகிறது என்று மாப்பிள்ளை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"லட்டும் ஜிலேபியும் எப்படி மாமா?"

"ராசா மாதிரி இருக்காங்க மாப்பிள்ளை."

"ரூமுக்கு சீலிங் இருக்குதானே மாமா?"

இவர் மேலே பார்த்தார். தகரம். என்னைப் பார்த்தார். நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு மாப்பிள்ளை!"

"அப்ப பயமில்ல. பலகையா மாமா?"

"பலகைதான். பைனஸ். நானே அடிச்சது."

"சூப்பர் மாமா! ஞாயித்துக்கிழமை வீடியோவுல எடுக்கிறேன். எல்லாத்தையும் காட்டுங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜெயா, ஞாயித்துக்கிழமைக்கு எத்தனை நாளு?"

"இடையில மூணு."

"போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரலாமா?"

"எங்கிட்டயும் ஒரு போன் இருக்கே."

"நீ பசறைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டன்னு சொல்லிரலாம்."

"பாம்பக் கூட்டிக்கிட்டா? பஸ்ஸுலயா?"

மறுபடியும் யோசித்தார். யோசிக்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி பயமான வேலை வேறில்லை. திடீரென்று துள்ளி எழுந்தார்.

"அடுப்படி!"

எனக்குத் திக்கென்றது.

எங்கள் அடுப்படி சின்னது. பின்பக்கம் மண்மேட்டோடு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் டாங்க் வைப்பதற்காக அதற்கு மட்டும் மேலே கொங்கிரீட் போட்டது. மத்தியானத்தில்கூட அங்கே சிலுசிலுவென்று இருக்கும். இது எனக்குத் தெரியும். அடுப்படிப் பக்கம் வருவது சாப்பாட்டுக்கு மட்டும் என்பதால் இவருக்குத் தெரியாது.

"மேல கொங்கிரீட்டு. பலகைய விட ஒசத்தின்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிக்கலாம். நாளைக்கு மத்தியானம் சூடு பாக்கிறேன். கொறைவா இருந்தா பாம்பு அங்கதான். சீலிங்காவது கீலிங்காவது!"

நாலு வருஷக் கனவு ஒரு சூடுமானியில் தொங்கியது. மறுநாள் வியாழக்கிழமை. சரியாக ரெண்டு மணிக்கு அந்தப் பலகையை அடுப்படியில் ஆணியில் மாட்டினார்.

"கால் மணி நேரம் இருக்கட்டும். அப்பத்தான் சரியா காட்டும்" என்று வெளியே போனார்.

நான் எட்டிப் பார்த்தேன். இருபத்தேழு. பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. எண்ணை மாற்றி எழுதவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல், கலக்கம் தீர ஒரு தேத்தண்ணியாவது குடிப்போம் என்று கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். கொதித்த கேத்தலை எங்கேயாவது வைக்க வேண்டும் இல்லையா? சூடுமானிக்கு நேர் கீழே அம்மிக்கல் இருந்தது. அதன்மேல் வைத்தேன். நான் சூடுமானியைத் தொடவே இல்லை. அது தானாக ஏறியது.

இவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் கேத்தலைத் தூக்கிக்கொண்டேன்.

"முப்பத்தெட்டு!" என்று அலறினார். "என்ன புள்ள இது, முன்னறைய விட மோசமா இருக்கு? இதுக்குள்ளயா நீ சமைக்கிற?"

"இருபத்தெட்டு வருசமா, நாம இருந்த எல்லா வீட்டுலயும்" என்றேன். குரல் தழுதழுத்தது. அது மட்டும் நடிப்பில்லை.

"ச்சே" என்றார். என் கையிலிருந்த கேத்தலைப் பார்த்தார். "சரி, அதுல ஒரு பிளேன்டி ஊத்து" என்றார்.

குடித்துவிட்டுப் படங்கை உருவினார்.

ஹாலிஎலையில் மர்ஸூக் நானாவின் கடைக்கு ஆணி வாங்கப் போனபோது நானா கேட்டாராம், "என்ன கணபதி அண்ணன், கேட் வேலை தொடங்கியாச்சா?" என்று. "கேட் என்ன நானா கேட்டு. எல்லா வீட்டுலயும் கேட் இருக்கு. பாம்புக்கு சீலிங் எத்தனை வீட்டுல இருக்கு?" என்று இவர் சொன்னாராம். வந்து என்னிடமும் பெருமையாகச் சொன்னார்.

மூன்று நாளும் அடி அடியென்று அடித்தார். அதுவரை பாம்புகளை எங்கே வைப்பது?

"அடுப்படியிலயே வைக்கிறேங்க" என்றேன். "அடுப்புப் பத்த வைக்காம இருந்தா கொஞ்சம் சூடு கொறையும். மூணு நாளைக்குக் கடையில பாண் வாங்கிக்குவோம்."

"நீ கஷ்டப்படுவியே" என்றார்.

மூன்று நாள் சமைக்காமல் இருப்பதில் உள்ள கஷ்டத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். லட்டும் ஜிலேபியும் ஈரத் துண்டுக்கு அடியில், மண்மேட்டுச் சுவரோரம் நிம்மதியாகக் கிடந்தன. சூடுமானி எங்கே என்று இவர் ரெண்டு தடவை கேட்டார். தூசி படுமே என்று துணி சுற்றி அலமாரிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னேன். இவ்வளவு பொறுப்பான மனைவி என்று சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை கடைசிப் பலகை ஏறியது. உண்மையைச் சொல்ல வேண்டும். மனுஷனுக்குக் கை நல்ல கை. ஒரு இடைவெளி இல்லை, ஒரு கோணல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிலேபி சட்டை உரித்தது. தலை முதல் வால் வரை கிழியாமல், காலுறை கழற்றின மாதிரி. உள்ளேயிருந்து புத்தம் புதிதாக, இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த நிறத்தில் வந்தது. கண்ணும் தெளிந்துவிட்டது. என் கண்ணில்தான் தண்ணீர்.

"பாத்தியா? சீலிங்கோட மகிமை" என்றார் இவர். ஜிலேபி அதுவரை சீலிங்குக்குக் கீழே வரவே இல்லை. நான் சொல்லவில்லை.

வீடியோ கால் வந்தது. இவர் போனை மேலே தூக்கி, ஒவ்வொரு பலகையாகக் காட்டினார். பிறகு மூலையைக் காட்டினார். பிறகு மற்ற மூலை.

"மாமா, பாம்பையும் கொஞ்சம் காட்டுங்க" என்றார் மாப்பிள்ளை.

காட்டினார். ஜிலேபியின் புதுத் தோலைப் பார்த்து மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறியது.

"சரியாப் போச்சு மாமா! அத்தை சொன்ன மாதிரியே…"

திரையில் சுபாஜினியின் கை ஒன்று மாப்பிள்ளையின் இடுப்புப் பக்கம் போனது.

"ஆ!"

"என்ன மாப்பிள்ளை?"

"கொசு மாமா."

"மலேசியாவுலயுமா?"

"பெரிய கொசு மாமா."

அத்தை என்ன சொன்னாள் என்று இவர் கேட்கவில்லை. அதற்குள் போனைத் திரும்ப மேலே தூக்கி நடுப் பலகையைக் காட்டத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு நான் போட்ட கும்பிடு அந்தப் பலகைக்குத்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் ரெண்டு மணி. முன்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெளியே தகரம் கொதித்தது. உள்ளே பலகை வாசம். விசிறி என் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு பக்கம் லட்டு தண்ணீர்ச் சட்டியில் கிடந்தது. இன்னொரு பக்கம் ஜிலேபி சுருண்டு தூங்கியது. ரெண்டும் தேத்தண்ணி கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைத் தேடவில்லை. இப்படிப்பட்ட துணை அமைந்தால் ஒரே மூச்சில் ஆறு கவுன் தைக்கலாம். தைத்தேன். பதினெட்டு நாளில் பாதி முடிந்துவிட்டதே என்று கவலைகூட வந்தது.

இவர் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜீவராணி நின்றாள். இவருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"பாத்தியா தங்கச்சி? எல்லாம் என் யோசனை. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சூட்டப் பாத்தேன், முடிவெடுத்தேன், மூணே நாளு. ஒங்க அக்கா நாலு வருசமா கேட்டா, நான் அசையல. எனக்காத் தோணணும். தோணிச்சு, அடிச்சேன்."

ஜீவராணி அவரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள். கீழே லட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், வெகுநேரம். செருப்பைக் கழற்றினாள். பாம்பு வந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டாதவள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். பெட்டிக்குப் பக்கத்திலேயே, லட்டின் மூக்குக்கு நேராகக் குந்தினாள்.

"அக்கா, எங்க அடுப்படிக்குப் பொகைபோக்கி வைக்கச் சொல்லி அந்த மனுசன்கிட்ட ஆறு வருசமா கேக்குறேன். ரெண்டே ரெண்டு நாளைக்கு இந்த லட்டை எங்க வீட்டுக்குத் தாங்களேன்."